விடுதி வாழ்வு: வட்டுக்கோட்டை முதல் செனாவாங் வரை

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைநகராகிய சிரம்பானுக்குத் தென்கிழக்கே, சில மைல் தொலைவில் அமைந்திருப்பது செனாவாங். தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் இன்று அந்நிலத்தை நிறைத்துள்ளன. 1970களில் தொழிற்பேட்டை எழத் தொடங்குமுன் அது பெரும்பாலும் பால்மரக் காடு. காடு போயிற்று, லயங்கள் போயின, தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி நிலைத்திருக்கிறது.

அன்றைய செனாவாங்கிலிருந்து சிரம்பான் நகரத்து இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் வழி நெடுவழியன்று. மிதிவண்டி உடையவன் மிதிவண்டியிலும், இல்லாதவன் பேருந்திலும் சென்று திரும்பத்தக்க தொலைவே. எனினும் அத்தகைய தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளுள் பலர் அச்சில மைலைக் கடந்தாரல்லர். கடந்தவருள்ளும் பலர் இடையில் நின்றனர். இதற்குரிய காரணத்தைப் பிள்ளையின் அறிவிலும் பெற்றோரின் அக்கறையிலும் தேடுவது எளிது. பலர் அங்ஙனமே தேடி, அவர்களையே குற்றவாளிகளாகவும் ஆக்கினர். காரணத்தின் பெரும்பகுதி வேறோரிடத்தில் இருந்தது. பள்ளி விட்டபின் வரும் மாலைப்பொழுதில் இருந்தது.

தோட்டத்து நாள் விடியுமுன் பெரட்டில் தொடங்குவது. தாயும் தந்தையும் இருளிலேயே எழுந்து வெட்டுக்குப் போகவேண்டியவர்கள். ஆதலின் இரவில் விளக்கு விரைவில் அணையும். ஓர் அறையும் ஒரு முன்தாழ்வாரமும் கொண்ட லயத்து வீட்டில், மண்ணெண்ணெய் விளக்கொன்றின் ஒளியைச் சமையலும் தம்பி தங்கையரும் பங்கிட்டுக்கொண்ட பின்னர் எஞ்சுவதே பாடநூலுக்கு உரியது. பலகைச் சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டின் பேச்சு. தண்ணீர்க் குழாயடியில் வரிசை. பெண் பிள்ளையாயின் அடுப்பு வேலையும் அவளதே. நகரத்து மாணவன் மாலை ஆறு மணிக்கு மேசையில் அமரும்பொழுது தோட்டத்து மாணவனுக்கு மேசையும் இல்லை. ஆறு மணியும் அவனுடையதன்று.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பத்துக்கும் குறையாத பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டுமென்று நிருவாகத்தைப் பணித்தது. அதன் பயனாகப் பள்ளிகள் பெருகின. நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்கு. ஆயின் சட்டம் கேட்டது தொடக்கக் கல்வி ஒன்றையே. அதற்கு மேற்பட்ட கல்வி நகரத்தில் இருந்தது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கைக்குப் பின் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு இடைநிலைப் பள்ளியின் கதவு திறந்ததெனினும், புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக அமர்ந்தே அவர்கள் உள்ளே செல்லவேண்டியிருந்தது. அவ்வாறு சென்ற பிள்ளை எங்கே தங்கும், எந்த ஒளியில் படிக்கும் என்பதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. இக்கேள்விக்குத் தமிழர் வரலாற்றில் விடை ஒன்று முன்னரே இருந்தது. அதன் பெயர் விடுதி.

தமிழ் மாணவர்க்கென நவீன முறையில் அமைந்த விடுதிகளின் தொடக்கத்தைக் காண யாழ்ப்பாணம் செல்லவேண்டும். 1816ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த அமெரிக்க மிஷனரிகள், பகற்பள்ளியால் தாம் விரும்பும் பயன் விளையாது எனச் சில ஆண்டுகளிலேயே கண்டனர். பிள்ளை பள்ளியில் கற்றதை வீடு மாலையில் அழித்துவிடுகிறது என்பது அவர்தம் முறையீடு. மதமாற்ற நோக்குடையார் கூற்றாதலின் இதனை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. எனினும் மாலைப்பொழுதின் ஆற்றலை முதலில் உணர்ந்தவர்கள் அவர்களே என்பதை மறுத்தலும் இயலாது. விடுதிப் பள்ளிகள் எழுந்தன. 1823இல் வட்டுக்கோட்டை செமினரி டேனியல் பூவர் என்பாரின் தலைமையில் தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி தோன்றிற்று. பிள்ளையின் உணவுச் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயர் அப்பிள்ளைக்கே சூட்டப்படுதலும் உண்டு. ஒரு பிடி சோற்றுக்குத் தன் பெயரையே கொடுத்த சிறுவர்கள் அவர்கள்.

பெயரைக் கொடுக்க இசைந்தவர்களும் பந்தியில் இசையவில்லை. கிறித்தவரின் கூரையின்கீழ் உண்பது தீட்டு எனப் பெற்றோர் அஞ்சினர். எனவே பக்கத்தில் இருந்த சைவர் ஒருவரின் நிலத்தில் தனிச் சமையற்கொட்டில் அமைக்கவேண்டியதாயிற்று. பிள்ளைகள் மிஷன் வளவில் கற்று, வேலிக்கு அப்பால் சென்று உண்டனர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இதனைக் குறிக்குமிடத்து, கிணறு பற்றிய நிகழ்ச்சி ஒன்றையும் சொல்கிறார். மிஷனரிகள் நீர் மொண்ட கிணறு தூய்மை கெட்டதென்று மாணவர் கருதினர். நீர் முழுவதையும் இறைத்துவிட்டால் தூய்மையாகும் என முடிவு செய்து இறைக்கத் தொடங்கினர். அதுவோ மாரிக்காலம்; இறைக்க இறைக்க ஊற்று நிறைத்தது. இறுதியில், முதலில் கிணற்றிலிருந்த அளவு நீரை இறைத்தாயிற்று, ஆகவே எஞ்சியது தூயதே என்று அவர்களே தீர்ப்பளித்துக்கொண்டனராம்.

இதனை நகைப்புக்குரிய செய்தியாகக் கொள்வோர் உண்டு. உண்மையில் அச்சிறுவர்கள் வீட்டு வழக்கத்தையும் விட்டுக்கொடாமல் கல்வியையும் கைவிடாமல் ஒரு வழி கண்டனர். கிணற்றடியில் அவர்கள் செய்த கணக்கு, வகுப்பில் கற்ற கணக்கினும் கடினமானது. 1855இல் செமினரி மூடப்பட்டது. மதம் மாறாமலே ஆங்கிலக் கல்வி பெற்று அரசு அலுவலுக்குச் சென்றவர் மிகுந்தமையும் அதற்கு ஒரு காரணம். அதற்குள் அவ்விடுதி தன் தொழிலைச் செய்து முடித்திருந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் தங்கிக் கற்றவர்களே. தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த தாமோதரம்பிள்ளையின் பணியைத் தமிழாசிரியர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

இனித் தமிழகம். 1905ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை மயிலாப்பூரில் சி. இராமசாமி ஐயங்காரும் இராமானுஜாசாரியாரும் சேர்ந்து இராமகிருஷ்ண மாணவர் இல்லத்தைத் தொடங்கினர். தொடக்கத்தில் இருந்தவர் ஏழு சிறுவர்களே. சொந்தக் கட்டடமும் அப்பொழுது இல்லை. அது 1921ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. ஏழை மாணவனுக்கு உணவளித்தல் என்னும் பழைய அறம், அவனுக்குப் படிக்கும் நேரத்தை வகுத்தளித்தல் என்னும் புதிய ஒழுங்காக மாறியது இங்கேதான் எனலாம்.

1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நிறுவிய நந்தனார் கல்விக் கழகம் வேறொரு தொலைவை எதிர்த்து எழுந்தது. சேரிக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட வழி அரைமைலாக இருக்கலாம். ஆயினும் தாழ்த்தப்பட்ட மாணவன் நகரத்தில் ஓரிரவு தங்குவதற்கு ஒரு திண்ணையும் கிடையாது. மைலால் அளக்க இயலாத தொலைவு அது. சகஜானந்தரின் பள்ளியும் விடுதியும் அத்தொலைவுக்கு இட்ட பாலங்கள். செனாவாங் போன்ற தோட்டங்களின் நிலையை உணர விரும்புவோர் சிதம்பரத்தை மறத்தல் கூடாது.

விடுதிப் பந்தி நாட்டு அரசியலையே அசைத்த நிகழ்ச்சி சேரன்மாதேவியில் நடந்தது. வ. வே. சு. ஐயர் 1922ஆம் ஆண்டின் இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பின்னர்ச் சேரன்மாதேவிக்கு மாற்றிய தமிழ்க் குருகுலம் உயர்ந்த நோக்கம் உடையது. தாய்மொழிவழிக் கல்வி, உடலுழைப்பு, நாட்டுப்பற்று ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே பயிற்றப்பட்டன. தமிழ்நாடு காங்கிரசு பொருளுதவி அளித்தது. ஆயின் பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவிடப்பட்டது. செய்தி வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் பொதுப்பணத்தில் நடக்கும் விடுதியில் பிறப்பால் வேற்றுமை கூடாதென வலியுறுத்தினர். 1925இல் காந்தியடிகளின் கருத்து நாடப்பட்டது. அவ்விருவர்க்கும் கொடுத்த வாக்கைக் காக்கலாம், இனிச் சேர்வோர் யாவரும் உடன் உண்ண இசைந்தவராகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கூறிய சமரசம். அது எவரையும் அமைதிப்படுத்தவில்லை. ஏப்ரலில் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். சூன் 3ஆம் நாள் பாபநாசத்தருகே அருவியில் விழுந்த தம் மகளைக் காக்க முயன்று தாமும் உயிர்நீத்தார். அவ்வாண்டின் இறுதியில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

இரண்டு சிறுவர்களின் இலை இத்துணைப் பெரும் விளைவுக்கு ஏன் காரணமாயிற்று என்று வியப்பவர், விடுதி என்பதன் இயல்பை அறியாதவர். வகுப்பறையில் மாணவன் ஆசிரியரை நோக்கி அமர்ந்திருக்கிறான்; பந்தியில் அவன் பக்கத்திலிருப்பவனை நோக்குகிறான். தன்னை இவ்வுலகம் எங்கே அமர்த்துகிறது என்பதை அவன் கற்றுக்கொள்ளும் இடம் அது. வீட்டை விட்டுவந்த பிள்ளைக்கு இப்பாடம் இருமடங்கு ஆழமாகப் பதியும். மாலையில் சென்று முறையிடத் தாய் அருகில் இல்லை. சேரன்மாதேவிக்குப் பின்னர்த் தோன்றிய விடுதிகள் இதனை மறக்கவில்லை. தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் கோவையில் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயம் சாதி பாராத பொதுப்பந்தியைத் தன் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்டது.

இவற்றை மனத்திற்கொண்டு மலேசியாவுக்கு மீள்வோம். மயிலாப்பூரில் ஏழு சிறுவர் கூடிய அதே 1905ஆம் ஆண்டில், சனவரித் திங்களில், பேராக்கின் கோலாகங்சாரில் மலாய்க் கல்லூரி 79 மாணவர்களுடன் தொடங்கிற்று. கல்வி ஆய்வாளராக இருந்த ஆர். ஜே. வில்கின்சன் அதற்கு வித்திட்டவர். அரச குடும்பத்தாரும் உயர்குடியினரும் பயின்ற அக்கல்லூரியின் விடுதி முறை, விடுதலைக்குப் பின் கிராமத்து மலாய்ப் பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அவ்விரிவாக்கத்தில் சிரம்பானுக்குத் தனியிடம் உண்டு. 1947இல் கோலாலம்பூரில் தோன்றிய மலாய்ப் பெண்கள் கல்லூரி, 1962இல் துங்கு குர்ஷியா கல்லூரி என்னும் பெயருடன் சிரம்பானுக்கு வந்தது. தஞ்சோங் மாலிமில் 1956இல் தொடங்கிய டத்தோ அப்துல் ரசாக் பள்ளியும் சிரம்பானுக்கு மாறிற்று. மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகளுள் முதலாவது 1972இல் திறக்கப்பட்டதும் சிரம்பானில்தான்.

இவ்விடுதிகள் செய்த பணி பெரிது. அதனைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. நெல்வயலோரத்திலிருந்து வந்த சிறுவனுக்குக் கட்டிலும் வேளை தவறாத உணவும் கிடைத்தன. இரவுணவுக்குப்பின் எல்லாரும் மேசையில் அமரும் கட்டாயப் படிப்பு நேரம் கிடைத்தது. ஐயம் கேட்க ஆசிரியர் வளாகத்திலேயே குடியிருந்தார். மீனவர், உழவர் மக்கள் ஒரு தலைமுறைக்குள் மருத்துவராகவும் பொறியியலாராகவும் ஆனதற்கு அம்மாலை நேரம் ஒரு முதற்காரணம்.

அதே சிரம்பானின் புறத்தே இருந்த தோட்டங்களின் பிள்ளைகளோ இக்கணக்கில் வரவில்லை. இனவழிக் கொள்கை ஒரு காரணம் என்பது யாவரும் அறிந்தது. அதிகம் பேசப்படாத காரணம் மற்றொன்று உண்டு. தோட்டம் தனியாரின் நிலம். ஆகவே ஊரக வளர்ச்சித் திட்டங்கள் கிராமத்தை நோக்கிச் சென்றபோது தோட்டத்தைச் சுற்றிச் சென்றன. தோட்டத்துப் பிள்ளை நகரத்தானும் அல்லன். அரசின் ஏட்டில் கிராமத்தானும் அல்லன். நகரத்துப் பள்ளிக்கு அருகில் இருப்பவன் என்பதால் விடுதி தேவையில்லாதவன். நகரத்து வசதி எதுவும் இல்லாதவன் என்பதோ எவர் கண்ணுக்கும் படாதது. தொலைவு மைலால் மட்டும் அளக்கப்பட்டதன் விளைவு இது.

தமிழர் தாமே செய்துகொண்டவை சில. சயாம் மரண இரயில்பாதைக்குப் பெற்றோரைப் பலிகொடுத்த பிள்ளைகள் நாடெங்கும் அலைந்த காலத்தின் பின்னர், சுவாமி சத்தியானந்தா சுத்த சமாஜத்தை நிறுவிப் பூச்சோங்கில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தார். பல இனச் சிறாரும் அங்கு வளர்ந்தனர். வேறு ஆசிரமங்களும் சமய மன்றங்களும் சிறு விடுதிகளை நடத்தின. ஆயின் பெற்றோர் உயிருடன் இருந்தும் படிக்க இடமில்லாத ஆயிரக்கணக்கான தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவை போதுமானவையல்ல. ஆதரவற்றோர் இல்லம் வேறு, மாணவர் விடுதி வேறு என்னும் தெளிவும் நம்மிடையே நெடுங்காலம் இல்லை. பிள்ளையை விடுதியில் சேர்ப்பது அதனைக் கைவிடுவதற்கு ஒப்பாகும் என்று தோட்டத்துத் தாய்மார் அஞ்சியதில் வியப்பில்லை.

இந்நிலையில் 1982ஆம் ஆண்டில் டாக்டர் மு. தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் வேறு வழியில் சென்றது. அது கட்டில் போடவில்லை, வகுப்புப் போட்டது. பல்கலைக்கழக மாணவரும் பட்டதாரிகளும் வார இறுதிகளில் சென்று பாடம் நடத்தினர். ஆண்டுதோறும் பத்துமலையில் கல்வி யாத்திரை நடத்திப் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்தே கல்விக்கு நோன்பேற்கச் செய்தனர். நுணுகி நோக்கின், விடுதியின் உயிராகிய படிப்பு நேரத்தை மட்டும் பிரித்தெடுத்து மாணவனின் ஊருக்கே கொண்டு சென்ற முயற்சி அது. கொட்டகையானாலும் அங்கே ஒளி இருந்தது. ஐயம் கேட்க ஓர் அண்ணனோ அக்காளோ இருந்தனர். மாலையில் பிள்ளை தாயிடமே திரும்பிற்று. பந்திச் சிக்கலுக்கு இடமே எழவில்லை.

2002ஆம் ஆண்டு முதல் மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகளிலும் மெட்ரிகுலேஷன் கல்லூரிகளிலும் நூற்றுக்குப் பத்து இடம் பூமிபுத்ரா அல்லாதார்க்குத் திறக்கப்பட்டது. 2012இல் மெட்ரிகுலேஷனில் இந்திய மாணவர்க்கு 1,500 இடங்கள் அறிவிக்கப்பட்டன. செனாவாங்கிலிருந்து மலைவழியே கிழக்கே செல்லின் கோலப்பிலா வரும். மாநிலத்தின் மெட்ரிகுலேஷன் கல்லூரி அங்குள்ளது. பாட்டனார் பால் வெட்டிய மண்ணிலிருந்து அங்குச் சென்று, முதன்முறையாகத் தனக்கென ஒரு மேசையைப் பெறும் மாணவனுக்கு அதன் அருமை தெரியும்.

மறுபுறம், தொலைவு இன்று உண்மையாகவே நீண்டுவிட்டது. 1959இல் கோலாலம்பூரின் பந்தாய்ப் பள்ளத்தாக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் முதலாம் விடுதிக் கல்லூரி திறக்கப்பட்டபோது, சிரம்பான் மாணவன் ஒரு பேருந்துப் பயணத்தில் வீடு வந்துவிடலாம். பின்னர் எழுந்த பல்கலைக்கழகங்களோ வடக்கே சிந்தோக்கிலும் பெர்லிசிலும், கடல் கடந்து சபாவிலும் உள்ளன. முதலாண்டில் விடுதியில் இடம் கிடைப்பது பெரும்பாலும் உறுதி. அதன்பின் பல இடங்களில் புறப்பாட நடவடிக்கைகளில் ஈட்டும் புள்ளிகளைப் பொறுத்தே அறை கிடைக்கும். பகுதிநேர வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் மாணவனுக்குப் புள்ளி சேர்க்க நேரமில்லை; ஆகவே அறையும் இல்லை. வசதி மிகக் குறைந்தவனே வளாகத்துக்கு வெளியே வாடகை வீடு தேடவேண்டிய நிலை இது. விடுதிகளைச் சீர்திருத்த விரும்புவோர் முதலில் கைவைக்கவேண்டிய இடம் இதுவே.

செனாவாங்கிலும் விடுதிகள் உள்ளன. தொழிற்சாலைகளில் பணிபுரிய அயல்நாடுகளிலிருந்து வந்தோர் தங்கும் விடுதிகள் அவை. தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது, பொதுப்படுக்கை அறையில் ஒருவர்க்கு மூன்று சதுர மீட்டருக்குக் குறையாத இடம் வேண்டுமென்று விதி செய்யப்பட்டது. கட்டில், மெத்தை, பூட்டத்தக்க பேழை ஆகியவையும் அளவுடன் வரையறுக்கப்பட்டன. பால்மரம் நின்ற அதே மண்ணில், வேறொரு நாட்டுத் தொழிலாளிக்கு இக்கணக்குச் செய்யப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது.

வளாகத்துக்கு வெளியே வாடகை வீட்டில் அறுவர் எழுவராகக் கூடி வாழும் மாணவர்க்கு இத்தகைய அளவு எதுவும் வகுக்கப்படவில்லை. வளாகத்து உணவகத்தில் சைவ உணவு கிடைக்காத நாள்களில், அறையில் சமைத்தல் விதிக்குப் புறம்பானதாகையால் சோற்றுக் கலனை அலமாரியில் மறைத்துவைக்கும் விடுதி மாணவரும் உண்டு. அவர்களும் விடுமுறை நாள்களில் அவ்வாடகை வீட்டுக்கு வந்துவிடுகின்றனர். அங்கே தரையில் செய்தித்தாள் விரித்து, ஒரே சட்டியிலிருந்து யாவரும் எடுத்து உண்கின்றனர். யார் எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று கேட்பதுண்டு. அதற்கு மேல் எவரும் கேட்பதில்லை.